பெரியம்மாள் ரத்தத்தில் ஒரு பட்டாளம்

காலை ஆறு மணிக்கு விசில் ஊதும். உடனே நூற்றெண்பது பேர் மாந்தோப்புக்குள் வரிசை கட்டி நின்று, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வலது கையால் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார்கள். யாருக்கு என்கிறீர்களா? கொடிக்கு அல்ல, மந்திரிக்கும் அல்ல. அவரவர் ரத்தத்துக்கு.

சிரிக்காதீர்கள், நானும் அடித்தவன்தான். எனக்குச் சர்க்கரை மட்டும்தான், அதுவும் மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் ஊரே அடிக்கும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? இப்படி யோசித்த நூற்றெண்பது பேர்தான் அங்கே நின்றோம்.

நான் கேரளத்து முதலமடையில் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். மாங்காய் சீசன் வந்துவிட்டால் தோப்பு தோப்பாக என் பிளாஸ்டிக் பெட்டிகள்தாம் போகும். இந்த வருடம் அதில் நாற்பது பெட்டி ரத்தசித்தர் பூபதிராஜாவின் ஆசிரமத்துக்குப் போனது. ஆசிரமம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் வரை மாங்காய் அடைத்த தகரக் கொட்டகை. காவிக் கொடி ஒன்று ஏறியதும் ஆசிரமமாகிவிட்டது.

பூபதிராஜாவை எங்களுக்கு முன்பே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் பைக்கில் வீடு வீடாக வந்து தண்ணீர் பில்டர் விற்றவர். அடுக்களை வரைக்கும் வருவார். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் பிடித்து, அதில் இரண்டு இரும்புக் கம்பியை விட்டு, கரண்ட் கொடுப்பார். ஒரே நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறும். "இதையாங்க குடிக்கறீங்க? குழந்தைகளுக்குமா குடுக்கறீங்க?" என்று கண் கலங்குவார். நாங்களும் கலங்கி வாங்கினோம். நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது என்று தெரிவதற்குள் பைக் மாவட்டம் தாண்டிவிட்டது. அதே மனிதர் தாடியோடு திரும்பி வந்தபோது, அடையாளம் தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. தாடிக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை.

சித்தருக்கு ஞானம் பிறந்தது ஒரு செய்தித் துணுக்கிலிருந்து. கிருமி வந்தால் அதை எதிர்க்க நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகும் அல்லவா? சில சமயம் கிருமியை விட்டுவிட்டு, நம் உடம்பின் சொந்தச் சரக்கின் மேலேயே பாய்கிற எதிர்ப்பொருள்களும் உண்டாகிவிடும். அவற்றுக்கு ஆட்டோ ஆன்டிபாடி என்று பெயர். புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் இவை விதவிதமாக இருக்கின்றன, கட்டியின் செல்களை இவை ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது. செய்தியில் இருந்தது இவ்வளவுதான்.

பூபதிராஜா அந்த "பாதிக்கலாம்" என்ற சொல்லில் இருந்த "லாம்" மொத்தத்தையும் வெட்டித் தோப்புக்கு வெளியே எறிந்துவிட்டார்.

"உங்க ரத்தத்துல உங்களுக்குன்னே ஒரு பட்டாளம் இருக்குது!" என்று மைக்கில் முழங்கினார். "அது தூங்குது. நான் எழுப்பறேன். பதினோரு நாள். பதினோரே நாள்! கட்டியச் சுத்தி வளைச்சு அடிச்சு நொறுக்கிரும். ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரி மருந்து ஒரு சொட்டு உள்ளே போனாலும் இந்தப் படை செத்துப் போயிரும். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

சித்தர் காசைக் கையால் தொடமாட்டார். நன்றாக விளைந்த அல்போன்சா மாங்காய், பெட்டி பெட்டியாகக் காணிக்கை வைத்தால் போதும். அவை மறுநாளே லாரி ஏறி எங்கே போயின என்று பெட்டிக்காரனான எனக்கே தெரியவில்லை. காலிப் பெட்டி மட்டும் திரும்பி வரும்.

பட்டாளம் என்றால் பதவி இல்லாமலா? சித்தர் நாடி பிடித்து ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் ஒரு ரேங்க் கொடுப்பார். கோவிந்தாபுரத்துப் பெட்ரோல் பங்க் முதலாளிக்கு மேஜர் கிடைத்தது. அவர் கடையில் பெட்ரோல் போடுகிற பையனுக்கு லெப்டினன்ட் கர்னல் கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து முதலாளி அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரமே பையனுக்கு வேலை போய்விட்டது.

கல்பாத்தியிலிருந்து காரில் வந்தவர் சுப்பராமன். ரிட்டயர்டு இன்ஜினியர். அவருக்கு நோய் என்று எதுவும் கிடையாது.

"நேக்கு பிரஷர் மாத்திரம்தான் உண்டு, கேட்டேளா?" என்றார் என்னிடம். "ஆனாலும் ஆர்மி ஸ்டாண்ட்பையில இருந்தா நல்லதுதானே? இது சயின்ஸாக்கும். நான் ஆராய்ச்சிப் பேப்பரே பிரிண்ட் எடுத்துண்டு வந்திருக்கேன்." மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து ஆட்டிக் காட்டினார். அவர் ஆட்டிய ஆட்டத்தில் கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் அடங்கிப் போனார்கள். படித்த மனிதரே வருகிறார், அப்புறம் என்ன?

சோதனையும் உண்டு. அதுதான் எங்களை வீழ்த்தியது. முதல் நாள் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் விடுவார்கள். ஊசி மட்டும் புதிது. அங்கே நிஜமாக இருந்தது அது ஒன்றுதான். சித்தர் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். ரத்தம் சும்மா கரைந்து இளஞ்சிவப்பாக நிற்கும். "தூக்கம்!" என்பார். பதினோரு நாள் பரேடு முடிந்ததும் மறுபடி அதே சோதனை. அதே மாதிரி பாட்டில், அதே தீர்த்தம். ஊற்றிய மாத்திரத்தில் குப்பிக்குள்ளிருந்து வெள்ளை நுரை புஸ்ஸென்று எழும்பி விளிம்பைத் தாண்டி வழியும். "எழும்பிருச்சு!" என்று சித்தர் கத்துவார். விசில் பறக்கும். ஜனங்கள் அழுவார்கள், கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த நுரைப் போட்டியில் முதலிடம் கொல்லங்கோட்டு சுஷ்மா டீச்சருக்கு. அவருடைய நுரை மேஜை வரைக்கும் வழிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் பிளெக்ஸ் போட்டிருந்தார்கள். டீச்சர் அதற்குப் பக்கத்தில் நின்று புது ஆட்களுக்குத் தைரியம் சொல்வார். கட்டி இருந்தும் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் ஐந்து மாதமாயிற்று என்று பெருமையாகச் சொல்வார்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் பெரியம்மாளைக் கூட்டி வந்தார் அவள் புருஷன் ரத்தினசாமி.

பெரியம்மாளை மாங்காய் வியாபாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஐம்பத்தொரு வயது. தரம் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவன் நீட்டுகிற பழத்தை வாங்குகிறவன் அறுத்துப் பார்க்க மாட்டான். அவனே பெட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவி, அதை அறுத்துப் பார்த்துத்தான் விலை பேசுவான். பெரியம்மாள் கை உள்ளே போனால் எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். டெல்லியிலிருந்து வருகிற ஏஜெண்டுகளே "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரியை விட்டு இறங்குவார்கள்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. டிசம்பரில் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் முடிந்தது. அப்புறம் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று முடிந்தது. நாலாவதுக்குப் போனபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ரத்தினசாமி பயந்துவிட்டார். சித்தர் சொன்ன மாதிரியே ஆகிப்போச்சே, மருந்து பட்டாளத்தைக் கொன்றுவிட்டதே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவளை நேராகக் கொட்டகைக்கே கொண்டு வந்துவிட்டார்.

பெரியம்மாளுக்கும் நம்பத்தான் ஆசை. அதை நான் மறைக்க மாட்டேன். வாயெல்லாம் புண், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது, தண்ணீர் குடித்தாலும் குமட்டல். சல்யூட் அடித்தால் போதும் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவளும் வரிசையில் நின்றாள். சித்தர் அவள் ரத்தத்துக்கு ஹவில்தார் பதவி கொடுத்தார். ரத்தினசாமிக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

"ஏனுங்க சாமி, நாலு ஏக்கரா தோப்பு இருக்குதுங்க. ஒரு சுபேதாராவது குடுக்கக் கூடாதுங்களா?" என்று கெஞ்சினார்.

"அதுக்கு இன்னும் ரெண்டு பெட்டி வெக்கணும்" என்றார் சித்தர். ரத்தினசாமி வைத்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பெரியம்மாளுக்கு ஒரு போன் வந்தது. பரேடு முடிந்து நான் என் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழைத்தது ஜோமோள், ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏற்றுகிற நர்ஸ். இடுக்கிச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்த பெண், அதனால் தமிழ் நன்றாகப் பேசுவாள், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். பெரியம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நானும் கேட்டேன்.

"சேச்சி, எங்க போனீங்க? ஒரு வாரம்னு சொன்னா ரெண்டு வாரம் ஆகப் போவுது. நாலாவது மருந்து அப்படியே நிக்கிது."

"ஜோமோளு, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. என்ற ரத்தத்துல ஒரு பட்டாளம் இருக்குதாமா? அது கட்டியக் கொல்லுமாமா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை.

"பாதி சரிதான் சேச்சி. பட்டாளம்னு சொல்லக் கூடாது, ஆனா அப்படி ஒரு சமாச்சாரம் ரத்தத்துல உண்டு. சிலது கட்டி மேல போயி ஒட்டிக்கிட்டு, இவன்தான் கள்ளன்னு காட்டிக் குடுக்கும். சிலது கட்டிக்கே தொணையா நின்னுரும். சிலது எதுலயும் சேராம சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். இன்னும் சிலது நம்ம மூட்டையும் தைராய்டையுமே அரிச்சுத் தின்னும். எது எப்ப என்ன செய்யும்னு பெரிய டாக்டர்மாருக்கே முழுசாத் தெரியல. இப்பவும் படிச்சிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப அதை எழுப்பறது?"

"எதை எழுப்புறது சேச்சி? கள்ளனுக்குத் தொணை நிக்கிறவனையும் சேர்த்தா?"

நான் பெட்டி எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"உங்க மருந்து வெள்ளை அணுவக் கொறைக்கும், அது நேருதான், உண்மைதான்" என்றாள் ஜோமோள். "அது எங்களுக்கும் தெரிஞ்சதுனாலதான் ஒரு வாரம் தள்ளி வச்சோம். தள்ளி வைக்கிறதும் நிறுத்துறதும் ஒண்ணா? வர்ற திங்கக்கெழமை கண்டிப்பா வரணும். இன்னும் தள்ளுனா, இதுவரைக்கும் நீங்க பட்ட கஷ்டமெல்லாம் வேஸ்ட்டாப் போகும். நான் பயமுறுத்தலை சேச்சி. எனக்கே பயமா இருக்கு."

பெரியம்மாள் நுரை பற்றிச் சொன்னாள். சித்தரின் தீர்த்தம், முதல் நாள் ஒன்றும் ஆகாதது, பதினோராம் நாள் பொங்கி வழிவது எல்லாம். இப்போதுதான் ஜோமோள் சிரித்தாள்.

"அய்யோ, அது நாங்க புண்ணு கழுவுற மருந்தாக்கும்! ஹைட்ரஜன் பெராக்சைடு. ரத்தத்துல பட்டா பொங்கும். யாரு ரத்தத்துல பட்டாலும் பொங்கும். உங்க சாமியோட அடுக்களையில உருளைக்கெழங்கு இருக்குமா சேச்சி?"

மறுநாள் முழுக்க பெரியம்மாள் சித்தரைப் பார்க்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க பெட்டிக்காரரே, அந்த நீலப் பெட்டி ரெண்டும் மஞ்சப் பெட்டி ரெண்டும் உங்களுதுதானுங்களே?"

"ஆமாம் அம்மிணி."

"எல்லாத்துலயும் அதே வெள்ளை பாட்டிலுதான் இருக்குது. ஆனா புது ஆளுக்கு நீலத்துல இருந்தே எடுக்கறாரு. பதினோராம் நாளு ஆளுக்கு மஞ்சள்ல இருந்தே எடுக்கறாரு. ஒரே சரக்குன்னா எதுக்குங்க ரெண்டு நெறத்துல பெட்டி?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாகப் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். முதல் தரம் ஒரு நிறம், இரண்டாம் தரம் ஒரு நிறம் என்று நானே கேட்டுக் கேட்டுத்தான் கொடுப்பேன். கலந்து போகக் கூடாத சரக்குக்குத்தான் நிறம் மாற்றிக் கேட்பார்கள். சித்தர் "நீலம் ரெண்டு, மஞ்சள் ரெண்டு" என்று கேட்டபோது, சாமிக்கு நிறத்தில் என்னவோ தத்துவம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மடத்தனம் என்றால் இதுதான்.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் முந்நூறைத் தாண்டியது. தேனிப் பக்கத்திலிருந்து மாங்காய் ஏற்ற வந்த லாரி டிரைவர் அருண்பாண்டிகூட வேடிக்கை பார்க்க உள்ளே வந்துவிட்டான். சித்தர் மேடையில் மைக்கைப் பிடித்தார்.

"சுபேதார் பெரியம்மாள் முன்னால வரட்டும்!"

விசில் பறந்தது. பெரியம்மாள் போய் நின்றாள். விரலில் குத்தி, ஒரு சொட்டு குப்பியில் விட்டார்கள். சித்தரின் கை மஞ்சள் பெட்டிப் பக்கம் போயிற்று.

"சித்த நில்லுங்க சாமி. பாட்டில நானே எடுத்துக்கறேன்."

"எதுக்கம்மா?"

"பழக்கதோசமுங்க. அடுத்தவங்க எடுத்துக் குடுக்கறத நான் தொடமாட்டேன்."

கூட்டம் சிரித்தது. எல்லாரும் மாங்காய்க்காரர்கள், எல்லாருக்கும் அந்தப் பழக்கம் தெரியும். சித்தரும் சிரிக்கப் பார்த்தார். "தீர்த்தத்த எல்லாரும் தொடக் கூடாதும்மா."

"அப்ப தொடலீங்க, சொல்றேன். எல்லாம் ஒரே தீர்த்தந்தானுங்களே?"

"ஒரே தீர்த்தந்தான்."

"அப்ப அந்த நீலப் பெட்டியில, அடி வரிசையில இருக்கறத எடுங்க."

சித்தர் அசையவில்லை. "எடுங்க சாமி!" என்று பின்னாலிருந்து நாலு பேர் குரல் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணமே இல்லை. அடிச் சரக்கைப் பார்ப்பது எங்கள் ஊரில் சந்தேகம் ஆகாது, மரியாதைதான். சித்தர் வேறு வழியில்லாமல் எடுத்தார், ஊற்றினார். ரத்தம் கரைந்து இளஞ்சிவப்பாக நின்றது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"நம்பிக்கை பத்தல!" என்று கத்தினார். "இந்தம்மா மனசுல சந்தேகம். படை வெளியே வராது!"

"இருக்கலாமுங்க" என்றாள் பெரியம்மாள். "சந்தேகமே இல்லாத ஆளு நம்ம டீச்சருதான். அவங்க ரத்தத்துல இதே பாட்டில ஊத்துங்க."

சுஷ்மா டீச்சர் சிரித்தபடியே வந்து விரலை நீட்டினார். குத்தினார்கள், ஊற்றினார்கள். பிளெக்ஸில் மேஜை வரைக்கும் நுரை வழிந்த ரத்தம் குப்பிக்குள் சும்மா கிடந்தது. டீச்சர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

இந்த இடத்தில் சுப்பராமன் எழுந்துவிட்டார். "என்ன கேள்வி இது? இது மந்திரம் இல்லை, சயின்ஸாக்கும்! பேப்பர் என் கையில இருக்கு!"

"அந்தப் பேப்பர்ல அடுத்த பக்கத்துல என்னங்க போட்டிருக்குது?"

"அடுத்த பக்கமா?" சுப்பராமன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஆத்துல பிரிண்டர்ல மை தீந்துபோயிடுத்து. நான் முதல் பக்கம் மாத்திரம்தான் எடுத்தேன்."

"மொதப் பக்கத்துலயாவது, பரேடு பண்ணச் சொல்லிப் போட்டிருக்குதுங்களா?"

சுப்பராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நாற்பது பேரிடம் ஆட்டிக் காட்டிய தாளை அப்போதுதான் அவர் முதல் தடவையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். படித்து முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

பெரியம்மாள் அதற்குள் மஞ்சள் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை உருவிவிட்டாள். "இன்னிக்குத்தான் உள்ளே வந்த ஆளு ஒருத்தரு வேணும். பரேடு பண்ணாத ஆளு."

"நான் வர்றேன்க்கா" என்று அருண்பாண்டி கையைத் தூக்கினான். அவன் ரத்தத்தில் ஊற்றினாள். நுரை பொங்கிக் குப்பியைத் தாண்டி அவன் செருப்பு வரைக்கும் வந்தது.

"யக்கா, எனக்குக் கேன்சரா?" என்று அலறிவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாத" என்று அவன் தோளைத் தட்டினாள். "ஏனுங்க சித்தரே, இந்தத் தம்பி சல்யூட்டே அடிக்கலியே. இதுக்கு எப்புடி எழும்புச்சு?"

சித்தர் கண்ணை மூடினார், திறந்தார். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். "இவன் போன ஜென்மத்துல ராணுவம்! ரிட்டயர் ஆகாமச் செத்தவன்!"

கூட்டம் "ஓ" என்றது. அருண்பாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இந்த ஜனங்களை எதைக் கொண்டு அடித்தாலும் இப்படித் துள்ளி எழுந்து மறுபடி நம்புகிறார்களே என்று பல்லைக் கடித்தேன்.

பெரியம்மாள் மடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்தாள். ஆசிரமத்து அடுக்களையிலேயே எடுத்தது. கத்தியால் இரண்டாக அரிந்து மேஜை மேல் வைத்தாள். மஞ்சள் பெட்டிப் பாட்டிலைச் சாய்த்தாள். கிழங்கு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை தள்ளியது. எழும்புகிறது, எழும்புகிறது, நிற்கவே இல்லை. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"இது எந்த ஜென்மத்துல எந்த ரெஜிமென்டுங்க?" என்று கேட்டாள்.

சித்தர் அசரவில்லை, ஐயா. அந்தத் தைரியத்துக்கு நான் தலை வணங்குகிறேன். "கிழங்கு எங்கே விளையுது? பூமிக்கு அடியில. அது பதுங்கு குழியில இருந்த வீரன்!"

முன்வரிசையில் ஒரு அம்மா உருளைக்கிழங்குக்கு சல்யூட் அடித்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் அடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கையும் பாதி வரைக்கும் எழும்பிவிட்டது.

"அடப் பாவிகளா, கையக் கீழ போடுங்க!" பெரியம்மாள் போட்ட சத்தத்தில் மைக்கே தேவைப்படவில்லை. "இது புண்ணு கழுவுற மருந்து. எந்த மருந்துக் கடையிலயும் கெடைக்குது. மனுசன் ரத்தம், ஆட்டு ரத்தம், பச்சைக் கெழங்கு, எதுல ஊத்துனாலும் பொங்கும். நீலப் பெட்டியில இருக்கறது வெறுந் தண்ணி. தண்ணிய ஊத்தி உங்க பட்டாளம் தூங்குதுன்னு சொன்னான், மருந்த ஊத்தி எந்திரிச்சிருச்சுன்னு சொன்னான். ரெண்டு நாளும் உங்க ரத்தம் ஒண்ணுதான். மாறுனது பெட்டி மட்டுந்தான்."

அருண்பாண்டி மஞ்சள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பாட்டில்களின் அடியில் மருந்துக் கடை லேபிளைச் சுரண்டிய அடையாளம் இருந்தது. ஒன்றில் சுரண்ட மறந்துவிட்டார்கள். அவன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். "ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளிப்பூச்சுக்கு மட்டும்."

சித்தர் கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்கு எதிர்த் திசையில் நடந்தார். நடை ஓட்டமாக மாறியதை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஓட ஓடத் தாடியைப் பிடித்துக்கொண்டார், அது கழன்று கையோடு வந்தது. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. செக்போஸ்ட் இரண்டு கிலோமீட்டர், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. துரத்திக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கொட்டகையில் ஒரே கூச்சல். பெட்டி கொடுத்தவன் பெட்டி கேட்டான், ரேங்க் வாங்கியவன் வெட்கப்பட்டுக்கொண்டு நழுவினான். அந்தக் கூச்சலுக்கு நடுவே சுஷ்மா டீச்சர் மட்டும் தன் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெரியம்மாள் பக்கத்தில் வந்தார்.

"அப்ப எனக்குப் பொங்கினது?" என்று கேட்டார். "அஞ்சு மாசமா நான் மருந்து எடுக்கலையே. கட்டி கொறையுதுன்னு சொன்னாரே. எனக்கே கொறைஞ்ச மாதிரி இருந்ததே."

பெரியம்மாள் அந்தக் குப்பியை வாங்கிக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? நாற்பது பெட்டி நான் கொடுத்திருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸு டீச்சர்" என்றாள் பெரியம்மாள். "நானும் போறேன். சேர்ந்தே போலாம்."

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் உட்கார முடியவில்லை. ஜோமோள் பெரியம்மாளின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். அணுக்கள் தேறியிருந்தன, மருந்து ஏற்றலாம் என்று சொன்னார்கள். டீச்சரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வந்த டீச்சர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் கட்டி வளர்ந்திருந்தது, எலும்புக்கும் போயிருந்தது. மருந்து உண்டு, ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அப்போதே வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

ரத்தினசாமி டாக்டரை விடவில்லை. "ஏனுங்க டாக்டர், என்ற ஊட்டுக்காரிக்கு இதுல நிச்சயமாக் கொணமாயிருமுங்களா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துத்தான் போகணும்."

ரத்தினசாமி முகம் வாடிவிட்டது. "அந்தச் சித்தரு நிச்சயமுன்னு சொன்னானுங்களே" என்று வாய்க்குள் முனகினார்.

பெரியம்மாள் ஊசி குத்துவதற்குக் கையை நீட்டிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க மாமா, அவனுக்கென்னங்க, நிச்சயமுன்னு சொல்றதுக்கு? சாகறது நானுங்க, அவனில்லை. இந்த டாக்டருங்க தெரியாதத தெரியாதுன்னு சொல்றாங்க. அதனாலதான் தெரிஞ்சதுன்னு சொல்றத நான் நம்பறேன்."

ஜோமோள் ஊசியைக் குத்தினாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டிலில் சுஷ்மா டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

பூபதிராஜா இன்னும் பிடிபடவில்லை. அடுத்து எந்த ஊரில் எந்த வியாதிக்கு எந்த நிச்சயத்தோடு இறங்குவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அவரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. பெட்டி கொடுக்க என்னைப் போல ஒருவன் வேண்டும், படிக்காத தாளை ஆட்டிக் காட்ட ஒரு படித்தவர் வேண்டும், கேள்வி கேட்காமல் வரிசையில் நிற்க நீங்கள் வேண்டும். நானும் சுப்பராமனும் விலகிவிட்டோம். நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?